மிஸ்டர் நீட்ஃபுல்லும் ஹட்சன் கரைத் தமிழர் மன்றமும்

தூக்கம் ஓர் அடிப்படை உரிமை என்று எந்த நாட்டு அரசியல் சட்டத்திலும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. எழுதியிருந்தால் சேனாபதி அன்று லுங்கியோடு படியிறங்கியிருக்க மாட்டார். 2006-ஆம் ஆண்டு தமிழ்ப் பண்பாடும் அவ்வளவு அவசரமாக வளர்ந்திருக்காது.

சேனாபதி ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் மனைவி ஷ்யாமளாவோடும் பதினோரு வயது மகள் ரக்ஷாவோடும் குடியிருந்தார். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்கள் ராத்திரியில் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் வேலை. ஆகவே அவர் பகலில்தான் படுப்பார். அந்தப் பகலில் பேஸ்மென்டில் ஒரு கூட்டம் கிதாரைப் போட்டுச் சாத்திக்கொண்டிருந்தது. சேவல் கொண்டை போலத் தலைமுடி, மூக்கில் வளையம், கிழிந்த சட்டையெல்லாம் ஊக்கு. பங்க் என்று பேர். சட்டம், ஆபீஸ், அப்பா எதற்கும் அடங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. அவர்களைப் பற்றி அங்கே சினிமா எடுக்கிறார்கள் என்பது சேனாபதிக்குத் தெரியாது.

கீழே போனவர் கண்ணில் முதலில் பட்டது, கையில் கிளிப்போர்டும் இடுப்பில் வாக்கிடாக்கியுமாக நின்ற ஒரு பெண். நம்மவர்களுக்கு அட்டை பிடித்த ஆளைக் கண்டாலே அதிகாரி என்று தோன்றிவிடும். கட்டட மேனேஜ்மென்ட் ஆள் என்று முடிவு கட்டி, ஆபீஸ் ஈமெயிலில் எழுதும் இங்கிலீஷிலேயே புகார் கொடுத்தார்.

"டியர் மேடம்! திஸ் இஸ் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ். ஐ ஆம் நாட் ஸ்லெப்ட். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்!"

கிதார் நின்றது. கேமரா நிற்கவில்லை. அந்தப் பெண் நீட்டிய தாளைப் புகார் மனு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். நடிக்கச் சம்மதம் என்று அதில் இருந்தது. அவள் செக் கொடுக்க வந்ததும், விசாப்படி வேறெங்கும் காசு வாங்கக்கூடாதே என்று பதறிப்போய், "நோ நோ, ஐ ஆம் ஆன் ஹெச்-ஒன்!" என்று படியேறி ஓடிவிட்டார். புகார் கொடுத்தவனுக்குப் பணம் கொடுக்கும் நாடு எவ்வளவு பெரிய நாடு என்று ஷ்யாமளாவிடம் வியந்துகொண்டே தூங்கிப்போனார்.

படம் வந்தது. கதாநாயகன் யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. லுங்கியும் பனியனும் பாதி அழிந்த விபூதியுமாக ஒன்றரை நிமிஷம் வந்துபோன மனிதரைத்தான் எல்லாருக்கும் பிடித்தது. பங்க் பிள்ளைகள் அவருக்கு மிஸ்டர் நீட்ஃபுல் என்று பேர் வைத்தார்கள். அவர் சொன்ன வாக்கியத்தை டீஷர்ட்டில் போட்டுக்கொண்டு போலீஸ்காரர்களைப் பார்த்துக் கத்தினார்கள்.

விஷயம் எங்கள் ஹட்சன் கரைத் தமிழர் மன்றத்துக்கு எட்டியது. தலைவர் மயில்சாமி அவசரக் கூட்டம் கூட்டினார்.

"தம்பி, வேட்டின்னா அது பண்பாடு. லுங்கின்னா அது பர்சனல். நீங்க பர்சனலை பப்ளிக் பண்ணிட்டீங்க."

"சார், நான் வீட்ல தூங்கிட்டிருந்தேன் சார்."

"தூங்குறப்பவும் மன்றத்தோட மானம் உங்க இடுப்புலதான் இருக்கு."

செயலாளர் வெங்கடகிருஷ்ணன் சட்டப் பிரிவு ஒன்றைத் தேடினார். லுங்கிக்குப் பிரிவு இல்லை. ஆகவே, மேற்படி நபரின் குடும்ப உறுப்பினர் எவரும் பொங்கல் விழா மேடையில் தோன்றலாகாது என்று தீர்மானமானது. குடும்பத்தில் மேடையேற இருந்தது ரக்ஷா ஒருத்திதான். கோடை விடுமுறையிலிருந்து அந்தக் குழந்தை ஒரே வர்ணத்தை ஆடி ஆடிப் பழகியிருந்தது. கீழ்வீட்டுக்காரர் இரண்டு தரம் கதவைத் தட்டியிருக்கிறார். காரில் திரும்பும்போது ரக்ஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

இந்த அநியாயம் அப்படியே நீடித்திருக்கும். நல்லவேளை, மயில்சாமிக்கு, அவர் பேரை 'மே' என்று சுருக்கிவிட்ட ஓர் அமெரிக்க மேனேஜர் இருந்தார்.

"மே, நீ தமிழா? மிஸ்டர் நீட்ஃபுல்லைத் தெரியுமா?" என்று அவர் ஒருநாள் லிஃப்டில் கேட்டுவிட்டார். ஆறு வருஷத்தில் அவர் மயில்சாமியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அடுத்த கூட்டத்தில் மயில்சாமியின் குரலே மாறியிருந்தது.

"பங்க் யாரோடது? அவங்க தலையில நிக்கிறது என்ன? நம்ம குடுமி. கொஞ்சம் முன்னாடி நகர்ந்துபோச்சு, அவ்வளவுதான். மூக்குல வளையம்? நம்ம மூக்குத்தி. ஊக்கு? நம்ம வீட்டு அம்மாக்கள் தாலிக்கொடியில எத்தனை காலமா மாட்டியிருக்காங்க!"

"இத்தனை வருஷமா என் தாலில நாலு ஊக்கு தொங்குது. யாரும் எனக்குக் கைதட்டலயே," என்றாள் ஷ்யாமளா. அது நிகழ்ச்சி நிரலில் இல்லாத கருத்து என்பதால் ஏற்கப்படவில்லை.

பங்க் தமிழரின் கண்டுபிடிப்பே என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பொங்கல் விழாவுக்கு ஆண்கள் லுங்கியில்தான் வர வேண்டும். கலக உணர்வை வரிசையில் நின்று வெளிப்படுத்த வேண்டும். முகப்பில் தொண்டர்கள் ஊக்கு வழங்குவார்கள், ஒருவருக்கு ஒன்று.

"சேனாபதி, நீங்கதான் சீஃப் கெஸ்ட். மேடையில அந்த டயலாக்கை ஒரே ஒரு தடவை சொல்லணும்."

"சொல்றேன் சார். ரக்ஷாவுக்கு அவ டான்ஸ் திரும்பக் கிடைக்கணும்."

"கண்டிப்பா. நாம என்ன கல்நெஞ்சக்காரங்களா?"

பொங்கலன்று உள்ளூர்ப் பள்ளி அரங்கம் நிரம்பி வழிந்தது. வேட்டி கட்டி வந்த டாக்டர் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கார்டியாலஜிஸ்ட் அங்கிள்கள் இருந்த பத்து மயிரையும் ஜெல் போட்டு நிமிர்த்தியிருந்தார்கள். நீட்ஃபுல்லைப் பார்க்க நிஜமான பங்க் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். கலகம் பண்ண வந்தவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னதும் சமர்த்தாக உட்கார்ந்தார்கள்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். அடங்க மறுப்பது பற்றி மயில்சாமி ஐம்பது நிமிஷம் பேசினார், யாரும் எழுந்திருக்க அனுமதியில்லை. பிறகு சேனாபதி மைக்கைப் பிடித்து அந்த டயலாக்கைச் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. ஒன்ஸ் மோர் கேட்டார்கள். சொன்னார். மறுபடி கேட்டார்கள். மறுபடி சொன்னார். பக்கவாட்டில் ரக்ஷா சலங்கை கட்டி நின்றுகொண்டிருந்தாள். முதலில் அவர் அவளைத்தான் பார்த்துப் பேசினார். கைதட்டல் கூடக்கூட அந்தப் பக்கம் திரும்புவதை மறந்துபோனார்.

அரங்கத்தின் காவலாளி வந்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். வாடகை நேரம் முடிந்தது. "நேரமின்மை காரணமாக நடனம் ரத்து செய்யப்படுகிறது. அனைவரும் சாம்பார் சாதம் பெற்றுச் செல்லவும்," என்று அறிவித்தார் வெங்கடகிருஷ்ணன்.

ரக்ஷா அழவில்லை. நேராகப் பார்க்கிங் லாட்டுக்கு நடந்தாள். ஷ்யாமளா ஒன்றும் கேட்காமல் காரின் நாலு கதவையும் திறந்துவைத்து, ஸ்டீரியோவில் வர்ணத்தைப் போட்டாள். ஜனவரிக் குளிர். பட்டு உடுப்பின் மேல் ஜாக்கெட்கூட இல்லாமல் அந்தக் குழந்தை ஆடிய ஆட்டம் இருக்கிறதே! பங்க் பிள்ளைகள் வட்டம் கட்டி நின்று குதித்தார்கள். லுங்கி அங்கிள்கள் சாம்பார் சாதத்தை வாய்க்குக் கொண்டுபோக மறந்தார்கள். அன்று விழாவில் யாரையும் கேட்காமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

மன்றம் இதை லேசில் விடவில்லை. மாபெரும் வெற்றி என்று அறிவித்து, 'முன் அனுமதியின்றி ஆடுவதற்கு முன் அனுமதி வழங்கும் துணைக்குழு' ஒன்றை அமைத்தது. தலைவர் பதவிக்கு மிஸ்டர் நீட்ஃபுல்லைவிடப் பொருத்தமானவர் யார்? சேனாபதிக்குக் கழுத்தில் மாட்டும் பேட்ஜும், கையில் ஓர் அட்டையும் தரப்பட்டன. பகல் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு அவர் விதிமுறைகளைத் தயாரித்தார்.

முதல் விண்ணப்பம் ரக்ஷாவுடையது. முழு மன்றத்துக்கும் முன்னால் அவளை நிற்க வைத்தார்கள்.

"இதுக்கு முன்னாடி பர்மிஷன் இல்லாம எங்கயாவது ஆடியிருக்கியாம்மா?" என்று கேட்டார் சேனாபதி.

"அப்பா! யூ வேர் தேர்!"

"அப்போ ரிஜெக்ட்தான் கண்ணா. விதிமுறை அஞ்சு. பர்மிஷன் இல்லாம ஆடினவங்களுக்கு, பர்மிஷன் இல்லாம ஆட பர்மிஷன் கிடையாது. என் பொண்ணுன்னு சலுகை காட்டினா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

நாலு பேரும் தலையாட்டினார்கள். ரக்ஷா அப்பாவின் பேட்ஜைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள்.

"அப்பா, யூ வேர் பெட்டர் இன் த மூவி," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

இளைய தலைமுறை தெரிவித்த பாராட்டு என்று அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றினார்கள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். முதலில் எழுந்தவர் சேனாபதி.