இரண்டு சொட்டு வார்விக்

சொட்டு உபதேசி என்ற இனத்தை நீங்கள் அறிவீர்கள். எங்கள் ஊர் முல்லம்பிம்பியில் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு. அவர்களில் தலையாயவர், அலைச்சறுக்குப் பலகைகளைப் பழுதுபார்க்கும் வார்விக். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த, போதை தராத சிபிடி எண்ணெய்ப் புட்டியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, யார் முகம் வாடினாலும், யாருக்கு விவாகரத்து ஆனாலும், யார் வீட்டு நாய் இடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் புகுந்தாலும், "நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு!" என்பார். நாய்க்குமா? நாய்க்கும்தான்.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரி கிளெனிஸ், தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த நாளிலிருந்து, கூரையில் மழை விழுந்தாலே அந்த அம்மாளுக்கு நெஞ்சு படபடக்கும். உபதேசி விடுவாரா?

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே, வார்விக்."

"அவருக்கு என்ன தெரியும்? இது செடிம்மா, செடி! செடி என்ன பண்ணிடும்?"

இரண்டு சொட்டில் ஒன்றும் ஆகவில்லை. "அப்ப பத்து விடு" என்றார். பிறகு சொட்டுக்குழாய் நிறைய. அம்மாளுக்குத் தூக்கம் வந்தது. கூடவே கையெல்லாம் நீலத் திட்டுகளும் வந்தன. பல் துலக்கினால் ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க அவர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர். அதை உபதேசி கேட்கவேயில்லை.

கிளெனிஸைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு வார்விக்கை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கோபிக்கவில்லை.

"பதற்றத்துக்கு இது உதவலாம்னு சின்னச் சின்ன ஆய்வுங்க சொல்லுது. இன்னும் உறுதியாத் தெரியல. ஆனா இந்த மாத்திரையோட சேர்ந்தா வம்பு. கேட்டிருக்கலாமில்ல?"

வார்விக்கின் கை வெடவெடவென்று நடுங்கியது.

"என்னப்பா, ரெண்டு சொட்டு போட்டுக்கலையா?" என்றார் கிளெனிஸ், படுக்கையிலிருந்தபடி.

"பயமா இருக்கு, கிளெனிஸ்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு வார்விக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை.

கிளெனிஸ் தேறி வீடு திரும்பிவிட்டார். மழை பிடித்தால் வார்விக் சீட்டுக்கட்டோடு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார். அந்த அம்மாளுக்குப் படபடப்பு பாதியாகக் குறைந்திருக்கிறதாம். எண்ணெயைப் பற்றி வார்விக் இப்போது மூச்சு விடுவதில்லை. விடியற்காலையில் ஐஸ் தண்ணீரில் கழுத்தளவு நின்றால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்கிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் மூட்டுவலி என்று ஒருவர் ஆரம்பித்தாரே, அவர் பேசி முடிப்பதற்குள் நீங்கள் எதை அரைத்துக் குடிக்கச் சொன்னீர்கள்?