மிஸ்டர் வமிம்பியின் புரோமின் நீர்

நோட்டுவாசி என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசாங்க அலுவலகம் என்று எங்கும் செழிப்பாக வளர்வது. கண்ணெதிரே நடப்பதைவிட நோட்டில் இருப்பதே இதற்கு உண்மை. மழையில் தொப்பலாக நனைந்துகொண்டே 'இன்று நல்ல வெயில்' என்று படித்துக் காட்டும். நீங்கள் தலையைத் துவட்டினால் கோபித்துக்கொள்ளும்.

நல்ல மாதிரி வேண்டுமா? எங்கள் எம்பாலே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். வேதியியல் ஆசிரியர் மிஸ்டர் வமிம்பி. இருபத்திரண்டு வருஷமாக ஒரே நோட்டு.

"எழுதிக்கோங்க! ஆல்கீன்ல ரெண்டு கார்பனுக்கு நடுவுல ரெட்டைப் பிணைப்பு. அதுல ஒண்ணு சுலபமா உடையும். புரோமின் வந்தா ஆளுக்கு ஒண்ணாப் பிடிச்சுக்கும். அதனால புரோமின் நீரோட செம்பழுப்பு நிறம் மறையும். மறையும்னா மறையும்!"

ஹைட்ரஜன் புரோமைடு வந்து சேர்ந்தால், ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே அந்த ஹைட்ரஜனும் போகும் என்ற விதியைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உருகும். "இருக்கிறவனுக்குத்தான் கிடைக்கும். இயற்கையே அப்படித்தான்!"

புரோமின் நீரைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்களா? எப்படிப் பார்ப்பார்கள்? புட்டி அலமாரியில், அலமாரிச் சாவி அவர் இடுப்பில். "தீர்ந்துட்டா யார் வாங்கித் தருவா?" ஆகவே பழுப்புச் சாக்பீஸால் பலகையில் ஒரு சோதனைக்குழாய் வரைந்து, உள்ளே பழுப்பு அப்பி, துணியால் துடைத்து, "பாத்தீங்களா? மறைஞ்சிடுச்சு!" என்பார். செய்முறை வகுப்பு முடிந்தது.

மேல்வகுப்பில் வேதியியல் படிக்க யார் யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கும் செய்முறைத் தேர்வு வந்தது. வேறு வழியில்லாமல் புட்டியும் வெளியே வந்தது. மூடி எப்போதோ தளர்ந்து, புரோமின் எல்லாம் காற்றோடு போய், மிச்சமிருந்தது வெறும் தண்ணீர். முப்பத்தொன்பது பேரும் அதை ஆல்கீனில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முப்பத்தெட்டுப் பேர் 'செம்பழுப்பு நிறம் மறைந்தது' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். நந்துடு என்ற பெண் மட்டும், 'ஊற்றும்போதே நிறம் இல்லை. ஆகவே எதுவும் சொல்ல இயலாது' என்று எழுதினாள். பூஜ்யம். மருந்தாளுநர் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பெண் அவள்.

தேநீர் இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். வமிம்பி வாயில் மந்தாஸி, எண்ணெயில் பொரித்த இனிப்பு ரொட்டி.

"சார், நான் பாத்ததைத்தான் எழுதினேன்."

"உன்னை யார் பாக்கச் சொன்னா? நோட்டுல என்ன இருக்கு?"

"நிறம் மறையும்னு இருக்கு. மறையறதுக்கு முதல்ல நிறம் இருக்கணுமே சார்?"

"வாயப் பாரு! மத்த முப்பத்தெட்டுப் பேரும் குருடா?"

"அவங்க பாட்டிலைப் பாக்கலை சார். உங்களைப் பாத்தாங்க."

உயிரியல் டீச்சர் கைன்ஸா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மேஜைமேல் இருந்த புட்டியைக் காட்டி, "ஒரு தடவை தூக்கித்தான் பாருங்களேன், வமிம்பி" என்றார்.

தூக்கிப் பார்த்தார். புட்டிக்குள்ளே ஜன்னலுக்கு அப்பாலிருந்த வனாலே மலை தெரிந்தது. அதில் விழும் அருவிகூடத் தெரிந்தது. மனுஷனாகப் பிறந்தவன் இந்த இடத்தில் என்ன செய்வான்? பேனாவை எடுத்துப் பூஜ்யத்தை அடிப்பான். நோட்டுவாசி என்ன செய்தது தெரியுமா?

"நிறம் மறைஞ்சிருக்கா இல்லையா? அப்ப நோட்டு சொன்னது சரிதானே? போ, போய் வகுப்புல உக்காரு."

பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. முப்பத்தெட்டுப் பேர் வேதியியல் மேல்வகுப்புக்குப் போனார்கள். நந்துடுவை வரலாற்று வகுப்பில் போட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

உங்களுக்கும் எரிகிறதா? சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நந்துடுவுக்குப் பக்கத்து இடம் உங்களுடையது. கையில் அந்தத் தெளிந்த தண்ணீர், எதிரே வமிம்பி, இடதுபக்கம் எட்டிப் பார்த்தால் மற்றவன் எழுதியது தெரிகிறது. நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்?

மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.