பங்கருக்கு முன்னால் ஒரு ஜெபமாலை

கூச்சம் என்பது மனசில் இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என்னைக் கேட்டால் அது அடிவயிற்றில் இருக்கிறது என்பேன். ஒரு காலை முழுக்க அதை அடிவயிற்றில் சுமந்துகொண்டு வயல் ரோட்டில் சைக்கிள் மிதித்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

அப்போது எனக்கு அறுபது தாண்டியிருந்தது. இந்த வயசில் சைக்கிள் எதற்கு என்று கேட்பீர்கள். (எங்க வூட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். "உன் முட்டி இன்னா கண்டிஷன்ல கீது, நீ சைக்கிள்ல ஊர் சுத்தப் போறியா?" என்றார்.) ஆசைப்பட்டா போனேன்? என் மகள் ரெஜினாவின் கல்யாணம் அந்த சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தது.

ரெஜினா லீவு நாளில் நாலு பேரோடு சேர்ந்து சைக்கிளில் போகிற பெண். அப்படிப் போன இடத்தில்தான் பிரின்ஸைப் பார்த்தாள். மீஞ்சூர் பையன். அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்த அம்மா ஸ்டெல்லா டீச்சர், ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஒருமுறை ராயபுரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் என்ன செய்தேன்? அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். வெளியே வந்தது ஒரே தடவை. பேசியது ஒரே வார்த்தை. "காபி?"

போகும்போது டீச்சர், "பொண்ணு தங்கமான பொண்ணு. பெரியவங்க நாம கொஞ்சம் பழகிட்டு அப்புறம் ஓலை குடுக்கலாமே" என்றார். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பேரைப் படித்து, யாருக்காவது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அதுதான் ஓலை. உடனே ஓலை குடுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. 'பழகிட்டு' என்றார். அந்த ஒரு வார்த்தை என் தூக்கத்தைக் கொண்டுபோய்விட்டது.

அடுத்த வாரம் போன் வந்தது. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று ரெஜினா உளறியிருக்கிறாள். தெரியும்தான். அந்தக் காலத்தில் தண்டையார்பேட்டை பட்டறைக்கு எங்க வூட்டுக்காரருக்கு சாப்பாட்டு கேரியர் கொண்டுபோனதெல்லாம் சைக்கிளில்தான். டீச்சர் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் சோழவரம் பக்கம், உலகச் சண்டைக் காலத்து இடங்களைப் பார்க்கப் போகிறாராம். "மேரி அம்மாவும் வரணும்" என்று என்னையும் கூப்பிட்டாராம்.

ரயிலில் போகும்போதே ரெஜினா பாடம் எடுத்தாள்.

"மா, நீ பேசாம கீறத பாத்து, இந்த சம்பந்தம் உனக்குப் புடிக்கலன்னு அவங்க நெனச்சிக்கினு கீறாங்க. இந்த தபாவும் மூஞ்சிய தொங்கப்போட்டுகினு நின்ன, அவ்ளோதான்."

"நான் இன்னாடி பேசுறது அவங்க கிட்ட? அவங்க டீச்சரு."

"ஒண்ணும் பேச வேணாம். எது குடுத்தாலும் வேணாம்னு சொல்லாத. எது கேட்டாலும் சரின்னு சொல்லு. போதும்."

அந்த ரெண்டு கட்டளையைத்தான் நான் பத்துக் கட்டளை மாதிரி பிடித்துக்கொண்டேன். அதுதான் வினை.

மீஞ்சூர் வீட்டுக்குள் நுழைந்ததும் காபி வந்தது. குடித்தேன். "வெயில் ஏறிடும், இளநீர் குடிங்க" என்றார். குடித்தேன். கிளம்பும்போது, "மோர் ஒரு வாய்?" என்றார். ஒரு வாய் என்றால் அந்த வீட்டில் ஒரு சொம்பு. அதையும் குடித்தேன். சம்பந்தி வீட்டில் முதல்முதலாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அப்போதே கேட்டிருக்கலாம். பாத்ரூம் கதவு கண்ணுக்கு எதிரே இருந்தது. ஆனால் அந்தக் கதவை மறித்து நின்றுகொண்டு பிரின்ஸ் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். வரப்போகிற மருமகனைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் நகரு" என்று சொல்வதா? சொன்னால் எதற்கு என்று தெரிந்துவிடுமே! (தெரிந்தால் என்ன என்று இப்போது கேட்கிறீர்கள். அப்போது என் பக்கத்தில் நீங்கள் இல்லை.) பரவாயில்லை, தாங்கும் என்று நினைத்தேன்.

டீச்சர் சுடிதாரும் ஷூவும் ஹெல்மெட்டுமாக, ராணுவத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். எனக்கும் ஒரு ஹெல்மெட் கொடுத்தார். என் கொண்டைக்கு மேல் அது உட்காரவே இல்லை, கலயம் கவிழ்த்த மாதிரி ஆடிக்கொண்டே வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

மெயின் ரோட்டை விட்டுத் திரும்பினதும் சத்தமே அடங்கிப்போனது. எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரிக்கு நடுவே ரோட்டைத் தாண்டிப் பழகியவளுக்கு அது ரோடு மாதிரியே தெரியவில்லை. ரெண்டு பக்கமும் நாற்று, நடுவில் நாலு சைக்கிள், கொக்கு ஒற்றைக்காலில் நின்று எங்களையே பார்த்தது. அழகுதான். ஆனால் அழகை ரசிக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். எங்கே பார்த்தாலும் திறந்த வெளி. ஒதுங்க ஒரு முள்செடி கிடையாது. ஒவ்வொரு வேகத்தடையும் தூரத்திலேயே எனக்குத் தெரிந்தது. அதில் ஏறி இறங்கும்போது எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதரையும் கூப்பிட்டேன்.

பக்கத்தில் டீச்சர் சண்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜப்பான்காரன் கடல் வழியாக வருவான் என்று மெட்ராஸே பயந்து கிடந்ததாம். சோழவரத்தில் பிளேன் இறங்க ரன்வே போட்டார்களாம்.

"எங்கம்மாகூட சொல்லும் டீச்சர். குண்டு போடப் போறாங்கன்னு ராயபுரத்துல பாதி வூடு பூட்டிக் கிடந்துதாம்" என்றேன். அன்றைக்கு நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. டீச்சர் சந்தோஷப்பட்டார். "அப்புறம்?" என்றார். அப்புறம் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த வேகத்தடை வந்துவிட்டது.

கடைசியில் ஒரு பம்புசெட்டு பக்கத்தில் சைக்கிளை நிறுத்தினார்கள். வரப்பு ஓரமாகக் குட்டையாய், கனமான சிமெண்டு அறை ஒன்று. குனிந்து போகிற மாதிரி ஒரு வாசல். சுவரில் கைக்கு எட்டுகிற உயரத்தில் நீளமாய் ஓட்டை. "இதான் பங்கர். சண்டைக் காலத்துல சோல்ஜருங்க உள்ள ஒளிஞ்சு நின்னு காவல் காப்பாங்க" என்றார் டீச்சர்.

நாலு பக்கமும் சுவர்! மேலே கூரை! பரலோக வாசலே திறந்த மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்தில் பம்புசெட்டுத் தண்ணீர் தொட்டியில் குபுகுபுவென்று விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் கால் கூசுகிறது.

ஆனால் என்ன சொல்லிவிட்டு உள்ளே போவது? மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"டீச்சர், சண்டையில செத்துப்போனவங்களுக்காக நான் மட்டும் உள்ள போய் ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு வந்துடறேன்."

டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மேரி அம்மா, எனக்குத் தோணலையே இது! எத்தனை தடவை வந்திருக்கேன். உங்களை மட்டும் தனியா விட்டுடுவோமா? எல்லாரும் சேர்ந்து ஜெபமாலையே சொல்லலாம். நீங்களே ஆரம்பிங்க" என்று சைக்கிள் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

எது கேட்டாலும் சரின்னு சொல்லு என்று சொல்லியனுப்பிய மகள் எதிரே நிற்கிறாள். சரி என்றேன்.

பங்கர் வாசலில் முட்டிபோட்டோம். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் முதல்முதலாக ஜெபமாலை நடத்தினேன். மாலையில் பத்து மணி உருட்டிச் சொன்னால் ஒரு பத்துமணி, அப்படி அஞ்சு பத்துமணி. அதை நான் சொன்ன வேகத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் பாதி முடிவதற்குள் அவர்கள் பாதி தொடங்க வேண்டியிருந்தது. மூன்றாவது பத்துமணியில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்காவதில் தாரை தாரையாக ஓடியது. பக்கத்தில் பிரின்ஸ் ரெஜினா காதில், "உங்க அம்மா எவ்ளோ பக்தி பாரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. வரப்பில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "இன்னா சாமி இது? எனக்குத் தெரியாதே" என்று கும்பிட்டு நின்றது.

அஞ்சும் முடிந்தது. எழுந்திருக்கப் போனேன். டீச்சர் என் முகத்தையே பார்த்து, ஒரு மாதிரி இழுத்த குரலில் கேட்டார்.

"மன்றாட்டு மாலையும்... சொல்லணுமா?"

அது மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுகிற இன்னொரு நீள ஜெபம். வேண்டாம் என்றால் இவ்வளவு நேரம் அழுததெல்லாம் நடிப்பு என்று ஆகிவிடும். ஓலை நின்றுவிடும். "சொல்லலாம் டீச்சர்" என்றேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் கண்ணில் தண்ணீர். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன்.

அது முடிந்த மறுவினாடி, "உள்ள ஒரு மெழுகுவர்த்தி வெச்சிட்டு..." என்று சொல்லிக்கொண்டே, ஹெல்மெட் வாசலில் டங்கென்று இடிக்க, உள்ளே பாய்ந்தேன். (என்னிடம் மெழுகுவர்த்தியும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை.) உள்ளே ஒரு ஆடு படுத்திருந்தது. அது எனக்கு முன்னாலேயே அந்த இடத்தை எதற்கு வைத்துக்கொண்டிருந்தது என்பது வாசனையில் தெரிந்தது. அதனால் எனக்கு மனசாட்சி உறுத்தவில்லை. உட்கார்ந்தேன்.

உலகத்தில் அப்படி ஒரு நிம்மதி உண்டு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

திடீரென்று வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீளமான ஓட்டை முழுக்க ஒரு ஹெல்மெட், அதற்குக் கீழே டீச்சரின் முகம்.

"பிரின்ஸ், ரெஜினா, இங்க வாங்க! இந்த ஓட்டை வழியாத்தான் துப்பாக்கிய நீட்டி..."

பேச்சு நின்றது. என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. நான் எழவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஆடு மட்டும் அசை போட்டது. ரெஜினா கல்யாணம், மண்டபம், பிரியாணி எல்லாம் என் கண் முன்னால் அந்த ஓட்டை வழியாகப் பறந்து போயிற்று. மன்றாட்டு மாலை சொன்ன வாயோடு அப்படி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே பிள்ளைகள் ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது. உடனே டீச்சர் திரும்பி, பள்ளிக்கூட மைதானத்தையே அடக்குகிற குரலில் கத்தினார்.

"அங்கேயே நில்லுங்க! ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது! சம்பந்தி ஜெபத்துல இருக்காங்க!"

அப்படியே முதுகைக் காட்டி நின்று துப்பட்டாவை விரித்து ஓட்டையை மறைத்துக்கொண்டார்.

சம்பந்தி என்றாரா? சம்பந்தி என்றுதான் சொன்னார். நான் வெளியே வந்தபோது தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துச் சுவரோரமாகத் தள்ளினார்.

"பேச நேரமில்ல சம்பந்தி. இப்ப நான் போறேன். நீங்க ஓட்டைய மறைச்சுகிட்டு நில்லுங்க. காலையில ரெண்டு இளநீர் குடிச்சிட்டேன். உங்க ஜெபத்துக்கு நடுவுல எப்படிச் சொல்றதுன்னு அடக்கிகிட்டே இருந்தேன். மன்றாட்டு மாலை வேணாம்னு சொல்லுவீங்கன்னுதானே கேட்டேன்? சொல்லலாம்னுட்டீங்களே!"

நான் முந்தானையை விரித்துக் காவல் நின்றேன். உள்ளேயிருந்து டீச்சர், "ஆடு இருக்குன்னு சொல்லக்கூடாதா?" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்தும் சிரிப்பு வந்தது. ரன்வே வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினோம். ராணுவத்து இடம், உள்ளே விடமாட்டார்கள். வெளியே நின்று பார்த்ததில் என்ன பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிறே ஓலை வாசித்தார்கள்.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் விஷயம் தெரியாத பிரின்ஸ், கல்யாணத்துக்கு வந்த பங்குச் சாமியாரிடம், "சண்டையில செத்தவங்களுக்காக எங்க ரெண்டு அம்மாவும் அழுது அழுது ஜெபமாலை சொல்லிட்டு, அப்பவும் மனசு ஆறாம ஒவ்வொருத்தரா பங்கருக்குள்ள போய் தனியா ஜெபிச்சாங்க ஃபாதர்" என்று உருகிச் சொல்லியிருக்கிறான். இப்போது ராயபுரத்தில் எந்தத் துக்க வீடு என்றாலும் ஜெபமாலை நடத்த என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கூச்சக்காரி ஊரெல்லாம் முன்னால் நின்று நடத்துகிறேன். முடியாது என்று சொல்லக் காரணம் வேண்டுமே, அந்தக் காரணத்தை எப்படிச் சொல்வது?

பெரிய துக்கங்களுக்கு மீஞ்சூரிலிருந்து சம்பந்தியும் வந்துவிடுவார். முன்வரிசையில் முக்காடு போட்டு மரியாதையாக உட்காருவார். அஞ்சாவது பத்துமணி முடிந்ததும் தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பக்தியாகக் கேட்பார்:

"மன்றாட்டு மாலையும் சொல்லணுமா சம்பந்தி?"

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். தோள் குலுங்கும். பின்வரிசையில் யாராவது, "பாவம், எப்படி அழுவுது பாரு" என்பார்கள்.