அரைச்சுற்று

திங்கட்கிழமை காலை அனந்தகிருஷ்ணன் செல் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தபோது, மூன்றாம் எண் குடுவை ஓர் அங்குலம் நகர்ந்திருந்தது.

"நகுல், இதைத் தொட்டியா?"

"இல்லியே சார்."

"அப்போ தானா நடந்து போச்சாக்கும்?"

நகுல் வேலையில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் நாற்பது கேள்வி கேட்டிருந்தான். அனந்தகிருஷ்ணன் பாட்டில் கழுவும் சுடலைக்கண்ணனைத் தனியே அழைத்து விசாரித்தார். "இங்கே யாராவது வந்தாளா?"

"நான் கழுவுத ஆளு சார். காவல் காக்குத ஆளு இல்ல."

செம்பூரின் அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஆறு மாதமாக ஒரே ஆராய்ச்சி. சளி வைரஸ் தொற்றிய செல், சுற்றிலும் காற்று இருந்தும் மூச்சுக்கு வழியில்லை என்று நம்பிவிடுகிறது. பதறிப்போய்ச் சர்க்கரையை வாரி விழுங்கி அமிலத்தைக் கக்குகிறது. குடுவையிலுள்ள இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளாகிவிடுகிறது. வைரஸ் விட்ட குடுவைகள் மஞ்சள், சுத்தமானவை இளஞ்சிவப்பு. ஒரு தடவைகூட மாறியதில்லை. வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து வரும் குழுவுக்கு இதைக் காட்டினால்தான் அவருடைய வேலை இன்னும் மூன்று வருடம் நீளும்.

கதவில் மேலதிகாரி ரஞ்சனா ஒட்டிய தாள்: 'எல்லா மூடிகளையும் அரைச்சுற்றுத் தளர்த்தி வைக்கவும். செல்லுக்கும் காற்று வேண்டும்.'

அந்த அரைச்சுற்று இடைவெளி போதுமே, எவனாவது ஒரு சொட்டு வைரஸை விட! கையுறை போட்டு வைரஸ் குடுவையைத் தொட்டாலும் முழங்கைவரை மூன்று தடவை கழுவுகிற மனிதர் அவர். அன்று மாலையே சுத்தமான குடுவைகளின் மூடிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

செவ்வாய் காலை அவையும் மஞ்சள் தட்டியிருந்தன.

மாதுங்காவுக்கு, மனைவி அம்மிணிக்குப் போன் போட்டார். "வைரஸை விட்டுட்டான்டி!"

"யாரு?"

"சிரிச்சுண்டே குட்மார்னிங் சொல்றானே, அவன்."

"குட்மார்னிங் சொன்னா தப்பா?"

"தினமும் சொல்றான்!"

மூடிகளைச் சுற்றி டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டார். புதன்கிழமை மஞ்சள் முற்றியது. இன்குபேட்டருக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கவும் சட்டைப் பொத்தானைக் கழற்ற வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை எல்லாக் குடுவைகளும் எலுமிச்சை சாதம் மாதிரி இருந்தன. ரஞ்சனாவின் அறைக்கு ஓடினார்.

"மேடம், சதி. பூட்டு பூட்டினபடி இருக்கு. உள்ளே வைரஸ் போயிருக்கு."

ரஞ்சனா வந்தாள். நகுலையும் கூப்பிட்டாள். அவன் ஒரு குடுவையின் டேப்பைக் கிழித்து மூடியைத் திருகினான். அசையவில்லை.

"அரே சார், இவ்ளோ டைட்டா மூடினா காத்து எப்படிப் போகும்? நிஜமாவே மூச்சு முட்டி மஞ்சளாயிருக்கு. வைரஸை யாரும் விடல, நானும் விடல."

ரஞ்சனா சிரித்துவிட்டாள். "சந்தேகத்துல கழுத்தை நெரிச்சிருக்கேள், அனந்தகிருஷ்ணன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. "போறது மேடம். சுத்தமான செல்லு ஃபிரீசர்ல வேற இருக்கு. நாளைக்குக் காட்ட வேண்டியது வைரஸ் பாட்டில்தானே? அதை எவனும் தொடல. ஆறு மாச ரிசல்ட் கல்லு மாதிரி இருக்கு." நகுலின் தோளைத் தட்டினார். "மன்னிச்சுக்கோடா. வா, டீக்கடையில கட்டிங் சாய் என் செலவு."

கெட்டுப்போன குடுவைகளை எடுத்துப்போகச் சுடலைக்கண்ணன் தட்டோடு வந்தார். இறுகிய மூடி ஒன்றைப் பார்த்ததும், பையிலிருந்து ஒரு குறடு எடுத்துச் சாவகாசமாகத் திருகினார்.

நகுல் வியந்தான். "குறடு எப்பவும் பையிலேயே இருக்குமா அண்ணே?"

"பின்னே? மத்த பாட்டிலு ரெண்டு விரல்ல கழண்டுரும் தம்பி. சாரு பயந்து பயந்து இறுக்குத வைரஸ் பாட்டிலுக்குத்தான், ஆறு மாசமா இந்தக் குறடு."