வெளிச்சத்தில் தொள்ளாயிரம்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நலமாக இல்லை, கொதித்துப்போயிருக்கிறேன். நீங்களும் அத்தையுமாவது நலமாக இருங்கள். குடும்பத்தில் யாராவது இருக்க வேண்டுமே.

உங்கள் கடிதம் கிடைத்தது. 'பெரியவரிடம் அகராதி பிடித்தவன் மாதிரிப் பேசாதே, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்' என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா, அகராதியைப் பிடித்துக்கொண்டிருப்பது நானில்லை, எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்த உங்கள் நண்பர், எங்கள் மேலாளர். ஆபீசில் அவருக்குப் பெயரே அகராதிதான். காலையில் வந்ததும் அந்தத் தடிமனான ரஷ்ய அகராதியை மேசையில் தொப்பென்று போடுவார்; டீ டம்ளர்கள் ஒரு துள்ளு துள்ளி அடங்கும். ரஷ்ய மொழியில் ஒரு வாக்கியம் தெரியாது. எழுத்துக்கூட்டிச் சொல்லைத் தேடிப் பிடிப்பார், அவ்வளவுதான். நான் அந்த நாட்டுக்கே போய்க் கட்டடப் படிப்பு படித்தவன். ரஷ்ய வரைபடங்களில் உள்ள அளவுகளை ஆங்கிலமாக்குவது என் வேலை. நான் ஆங்கிலமாக்கியதை அலங்கோலமாக்குவது அவர் வேலை.

முதலில் 'பகோன்னி மீட்டர்' என்று ஒன்று வந்தது. குழாய், கம்பி, வேலி எல்லாவற்றையும் நீளவாக்கில் அளக்கிற சாதாரண மீட்டர். நம் ஆட்கள் ரன்னிங் மீட்டர் என்பார்களே, அதேதான். அப்படியே எழுதினேன். அவர் அகராதியைப் புரட்டி, 'பகோன்' என்றால் ராணுவ அதிகாரியின் தோளில் இருக்கும் பட்டை என்று கண்டுபிடித்து, ரன்னிங்கை அடித்துவிட்டு மிலிட்டரி மீட்டர் என்று போட்டார். குழாய் வாங்கும் கிளார்க் போன் செய்து, "சார், இதுக்கு ராணுவத்துல பர்மிஷன் வாங்கணுமா?" என்று கேட்கிறார், இவர், "எதுக்கும் கேட்டு வெச்சுக்குங்க" என்கிறார். அந்தச் சூடு ஆறுவதற்குள் 'அத்மேத்கா'. தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று குறிக்கும் சொல். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போடும் மார்க்குக்கும் ரஷ்யர்கள் அதையேதான் வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் இஷ்டம். தரைமட்டம் பூஜ்யம், நிலவறை மைனஸ் மூன்று புள்ளி ஆறு என்று நான் எழுதியது, தரைத்தளத்துக்கு ஸீரோ மார்க், நிலவறைக்கு மைனஸ் மார்க் என்று அச்சாகிப் போனது. கட்டடத்தின் சொந்தக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

"இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கல, அதுக்குள்ள யாருய்யா எங்களை ஃபெயிலாக்கினது?"

"கோவிச்சுக்காதீங்க, மாடிக்குப் போகப் போக மார்க் ஏறுது பாருங்க" என்றார் அகராதி. ஏறத்தான் செய்கிறது மாமா. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

இப்போது உங்கள் காதுக்கு வந்த விஷயம். பம்ப் அறை வாசலின் அகலத்தை ரஷ்யர்கள் 'வெளிச்சத்தில் தொள்ளாயிரம் மில்லிமீட்டர்' என்று எழுதியிருந்தார்கள். நிலையின் இந்தக் கட்டைக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவே, மறைப்பில்லாமல் வெளிச்சம் தெரிகிற இடைவெளி என்று அர்த்தம். நாம் உள்ளளவு என்போம். அதையே ஆங்கிலத்தில் சுத்தமாக எழுதி வைத்தேன். கூப்பிட்டார்.

"தம்பி, வெளிச்சம் எங்க? முழுங்கிட்டியே."

"சார், அது வெளிச்சம் இல்ல. பம்ப் உள்ள போற வழி. உள்ளளவு."

"அகராதியில வெளிச்சம்னுதான் போட்டிருக்கு. அப்ப எழுதினவன் முட்டாளா?"

"எழுதினவன் இல்ல சார்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். நான் எதிர்த்துப் பேசியதாக உங்களிடம் சொன்னாரே, பேசியது அந்த மூன்று வார்த்தைதான்.

உள்ளளவு போய் வெளிச்சம் வந்தது. சைட் மேஸ்திரி போன் செய்து, "பகல் வெளிச்சமா சார், லைட் வெளிச்சமா?" என்று கேட்டார். "ரெண்டுமே இருக்கட்டும்யா, எதுக்கு வம்பு" என்றார் இவர். மேஸ்திரி வெளிச்சத்தை எலக்ட்ரீஷியன் தலையில் கட்டிவிட்டு, தொள்ளாயிரத்தை நிலையின் வெளியளவாக எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கக் கட்டையும் தலைக்கு அறுபது மில்லிமீட்டர் தின்றுவிட்டது. இப்போது வாசலைச் சுற்றி நான்கு விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிகின்றன. உள்ளே நுழைய முடியாத பம்ப் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மழையில் நிற்கிறது. சொந்தக்காரர், "மொழிபெயர்த்தது யாரு?" என்று கத்தியதும், நம் பெரியவர் விரலை நீட்டினார் பாருங்கள், என் பக்கம்! கொஞ்சம்கூட நடுங்காத விரல் மாமா.

நான் மன்னிப்பு எழுதித் தரமாட்டேன். எழுதினால், நாளைக்கு எந்தக் கட்டடத்தில் எது இடித்தாலும் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். உள்ளளவும் வெளியளவும் தெரியாதவன் என்று ஒருமுறை பெயர் வாங்கினால், அப்புறம் எவன் என் கையில் அளவு டேப்பைக் கொடுப்பான்? ராஜினாமா செய்யப்போகிறேன். நீங்களும் அவரும் ஞாயிற்றுக்கிழமை சீட்டாடுவது நின்றுபோனால் நிற்கட்டும். வீட்டுக்கு வந்து உங்கள் மாடியறையில் படுத்துக்கொள்கிறேன். அந்த அறைக் கதவின் உள்ளளவாவது எனக்குத் தெரியும்.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவளுக்கு அன்பு. கோபத்தில் கூடக்குறைய எழுதியிருந்தால், குறைய எழுதியதற்கு மட்டும் மன்னிக்கவும். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: கடிதம் தபாலில் சேராமல் பையிலேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அகராதிதான், "வரைபடம் போட்ட ரஷ்ய இன்ஜினியர் வர்றாரு, அவர் பாஷையிலேயே எழுதிடு தம்பி" என்றார். உடனே எழுதினேன்: 'வாசல் அளவில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம். சரியான சொல்லை அடித்துவிட்டுத் தவறானதைப் போட்டவர் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்.' அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தார். "பிழை இருக்கு, வருத்தம் இருக்கு, கையெழுத்து இருக்கு. பிரமாதம். ஆனா ஆபீஸ் லெட்டர்ல நீ எப்படிப் போடுவ? நான்தான் போடணும்" என்று நீட்டி முழக்கி ஒரு கையெழுத்துப் போட்டார். என் வேலை நிலைத்தது. நிலையைத்தான் பெயர்த்து எடுக்கிறார்கள். ரஷ்யர் படித்து முடித்து எழுந்து நின்று அகராதியின் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் பாஷையில் ஏதோ சொன்னார்.

"என்ன தம்பி சொல்றாரு?" என்று அகராதி கேட்டார்.

"உங்கள மாதிரி ஒரு மேலாளரை அவர் எங்கயுமே பார்த்ததில்லையாம் சார்" என்றேன்.

முதல்முறையாக அவருக்குப் பிடித்தமாதிரியே மொழிபெயர்த்தேன் மாமா, சொல்லுக்குச் சொல்.