சூனியக்காரி வேட்டையும் ஒரு வாய்ப் பச்சரிசியும்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. ஊரார் மடமைக்கு உரை எழுதுகிற ரகம். எந்தக் கண்டத்தில், எந்த நூற்றாண்டில், யார் எப்படி முட்டாளாக இருந்தார்கள் என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். நம் கூட்டம்தான், ஆகவே மரியாதையாகவே பேசுவோம்.

புதுப்பட்டினத்து நரசிம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வாசலை மிதிக்காமல், ஒரு தடித்த அகராதியைப் பக்கம் பக்கமாகத் தின்றே இங்கிலீஷ் கற்றவர். பக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளில், அங்கே வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு அரிசி மண்டி மாடியில் மாலை வகுப்பு நடத்தினார். சாதாரண வகுப்பு அல்ல, 'அட்வான்ஸ்டு'. ஒரு கட்டுரையைப் பொறுமையாக, முகம் சுளிக்காமல், சரியாகும்வரை திருப்பித் திருப்பி எழுத வைப்பார்.

அன்றைய பாடம் ஐரோப்பாவின் சூனியக்காரி வேட்டை. பால் திரிந்தாலும் பயிர் கருகினாலும் ஓர் ஏழைக் கிழவியைப் பிடித்து, மறுத்தால் அழுத்தக்காரி, ஒப்புக்கொண்டால் சூனியக்காரி, வாய் திறக்காவிட்டால் பிசாசு நாக்கைக் கட்டிவிட்டது என்று தீர்ப்பெழுதி, ஆற்றில் தள்ளி, மிதந்தால் குற்றவாளி, மூழ்கினால் நிரபராதி என்று கண்டுபிடித்த கதையை, தண்ணீர்கூடக் குடிக்காமல் இரண்டு மணி நேரம் இங்கிலீஷில் பொழிந்தார். முடிவில் ஒரு சொல்லுக்குப் பொருள் காட்ட அலமாரிக்குள் கைவிட்டார். அகராதி இல்லை.

அறையைப் பெருக்கும் குப்பம்மா, வகுப்பு முடியட்டும் என்று விளக்குமாறும் கையுமாக வாசலில் நின்றிருந்தாள். வேறு யார் எடுத்திருக்க முடியும்?

"குப்பம்மா, அகராதி எங்கே?"

"நான் பாக்கல சாரு."

"எடுத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

"அத்த எடுத்து நான் இன்னா பண்ணப் போறேன்? கருவாடு மடிக்கவா?"

நரசிம்மன் மாணவர்களைப் பார்த்தார். "கவனிச்சீங்களா? எதுக்குப் பயன்படும்னு யோசிச்சே வச்சிருக்கா."

குப்பம்மா வாயை மூடிக்கொண்டாள். அதையும் கவனிக்கச் சொன்னார்.

ஊழியர் குடியிருப்பில் பல வீடுகளுக்குப் பெருக்கித் துடைப்பவள் அவள். திருடி என்று பெயர் விழுந்தால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். மீனவர் குப்பத்திலிருந்து வந்து படிக்கும் தேசப்பனுக்கு அது தெரியும். பேச்சைச் சிரிப்பாக்கிவிட நினைத்தான்.

"எங்காண்ட வலை காணாம பூட்டா, பச்சரிசி குடுத்து மென்னு துப்பச் சொல்லுவாங்க சார். திருடனுக்கு எச்சி ஊறாதாம். மாவாட்டம் ஒலந்து வருமாம்."

சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். "அதுல ஒரு சைக்காலஜி இருக்கு" என்றார் நரசிம்மன். வெள்ளைக்காரன் செய்தால் மூடத்தனம், நாம் செய்தால் சைக்காலஜி. கீழே மண்டியிலிருந்து ஒரு பிடி பச்சரிசி வந்தது.

குப்பம்மா அரிசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எல்லாருந்தான் மெல்லணும் சாரு. அதான் மொறை. நீ மொதல்ல."

முறை என்றால் முறை. கம்பீரமாக மென்றார். மென்றுகொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் பேசிய வாய். எச்சிலுக்கு எங்கே போவது? காகிதத்தில் துப்பியது சாக்பீஸ் தூளாக உதிர்ந்தது.

தேசப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. குப்பம்மா மென்றாள், துப்பினாள். நல்ல ஈரம்.

"இன்னா சாரு, கேஸு முடிஞ்சுதா?"

அவரும் சிரித்திருந்தால் முடிந்திருக்கும். "இதெல்லாம் மூடநம்பிக்கை, செல்லாது" என்றார். சோதனைதான் செல்லாது, சந்தேகம் செல்லும். மறுநாளே குடியிருப்பில், "நல்லவதான், இருந்தாலும் ஒரு கண் வச்சுக்குங்க" என்று அக்கறையோடு சொல்லிவைத்தார். சில கதவுகள் சாத்திக்கொண்டன. குப்பம்மா மாடிப்படி ஏறுவதை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம், ஷிப்டு காரணமாக அன்று வகுப்புக்கு வராத ரவிச்சந்திரன், அகராதியும் கையுமாக வந்தான். "நீங்கதானே சார், எடுத்துட்டுப் போய்ப் படின்னு குடுத்தீங்க?"

குடுத்ததுதான். காணாமல் போனதை வீடு வீடாகச் சொன்ன நரசிம்மனுக்கு, கிடைத்ததைச் சொல்ல மட்டும் நேரம் வாய்க்கவில்லை. வகுப்பறையை அதன்பின் அவரே பெருக்கிக்கொண்டார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல, தெரியும். உங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக் கிண்ணம் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். கிண்ணத்தைத் தேடுவதற்கு முன்பே மனத்தில் ஒரு பெயர் வந்து நிற்கிறதே, அது உங்கள் பெயர் இல்லையே?