நிலுவையில் தழைத்த செடி

நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அதிகாரி, தம் ஓய்வுக்கு நாற்பது நாள்களே எஞ்சியிருந்த நிலையில், பூண்டோடு அற்றுப்போனதாகக் கருதப்பட்ட ஒரு காட்டுச் செடியைக் கண்டுபிடித்தார். மிளகுத் தோட்டம் ஒன்றின் வேலியோரப் புதருக்குள், நீல மொட்டுகளோடு பதினோரு செடிகள் நின்றன. முப்பதாண்டுப் பணியில், கோப்புக்கு வெளியே அவர் கண்ட முதல் தாவரம் அதுவே.

"இதையெல்லாம் எப்படிங்க காப்பாத்துனீங்க?" என்று தோட்டக்காரரிடம் கேட்டார்.

தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். "எங்க காப்பாத்துனேன் சார்? களையெடுக்கச் சோம்பேறித்தனம். வீட்டுல தினம் அதுக்குத்தான் வாங்கிக் கட்டிக்கிறேன்."

சோம்பலைக் குறிக்கப் படிவத்தில் கட்டமில்லை. ஆகவே அதிகாரி, 'தீவிரப் பராமரிப்பு' என்றெழுதிக் கையொப்பமிட்டார். பத்தே நாள்களில், தோட்டக்காரர் 'முன்மாதிரிப் பாதுகாவலர்' என அறிவிக்கப்பெற்று, கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழும் பெற்றார்.

வினை அங்கேதான் தொடங்கிற்று.

"சான்றிதழ் வாங்கின மனுஷன் வேலி இப்படியா கிடக்கும்? நாலு பேர் வந்து பார்க்க மாட்டாங்களா?" என்றார் அவர் மனைவி. கேள்வி நியாயமானது. தோட்டக்காரர் வாழ்நாளில் முதன்முறையாகச் சோம்பலைத் துறந்தார். புதரை வெட்டினார், சருகைக் கூட்டி எரித்தார், செடிகள் பார்வையாளர் கண்ணில் நன்கு படவேண்டுமென்று நிழல்மரத்துக் கிளைகளையும் கழித்தார்.

இரண்டு வாரம் கழித்து அதிகாரி சென்றபோது, பதினோரு காய்ந்த குச்சிகள் அவரை வரவேற்றன. ஒவ்வொன்றின் அருகிலும், அவர் அலுவலகமே அனுப்பிய எண்பலகை பளபளத்தது.

"நீங்க எழுதினபடியேதான் சார் செஞ்சேன். தீவிரமா!"

அலுவலகம் திரும்பியவருக்கு எவர் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை. நெடுங்காலமாகத் திறவாத பின்கதவைத் தள்ளி வெளியேறினார். ஆளுயரப் புதர். காலடியில் சருகு மெத்தை. அதன் நடுவே, நூற்றுக்கணக்கில் நீல மொட்டுகள்!

"எழுத்தரே! இங்க யாருய்யா களையெடுக்கிறது?"

"யாருமில்லை சார். சுத்தம் பண்ண அனுமதி கேட்ட கோப்பு ஒன்பது வருஷமா உங்க மேசையிலதான் தூங்குது."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்! கண்டுபிடிப்பை அறிவிக்க உடனே பேனாவை எடுத்தார். பதினோரு எண்பலகைகள் நினைவுக்கு வந்தன. மூடி வைத்தார்.

"நான் காப்பாத்தினது பதினொண்ணு, அத்தனையும் போச்சு. மறந்துபோனது நூறு, அத்தனையும் தழைச்சிருக்கு. என்னைவிட என் மறதிக்குத்தான் சம்பளம் கொடுத்திருக்கணும்யா."

பழைய கோப்பைத் தேடியெடுத்து, 'மேலும் ஆராயப்பட வேண்டும்' என அழகிய கையெழுத்தில் குறித்து, அடுக்கின் அடியில் செருகினார். பிறகுதான் ஓர் ஐயம் எழுந்தது.

"எனக்கப்புறம் வர்றவர் எப்படி?"

"படு சுறுசுறுப்பு சார். அவர் மேசையில ஒரு கோப்பும் ஒரு நாளுக்கு மேல தங்காதாம். அவர்தான் வேணும்னு ஊரே மனு கொடுத்துச்சே! பரிந்துரைச்சுக் கையெழுத்துப் போட்டதே நீங்கதானே சார்."

அன்றே அதிகாரி பணிநீட்டிப்புக்கு விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம், மேலும் ஆராயப்பட வேண்டுமென்ற குறிப்போடு, மேலிடத்தில் இன்றும் நிலுவையில் இருக்கிறது.

புதியவர் குறித்த நாளில், குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே பணியேற்றார்.